நாற்பத்தேழு பாகை

நெஞ்சுக்கு நேரே, தோளைத் தாண்டாமல்,
உள்ளங்கை இரண்டும் வானம் பார்க்க.
இதுவரை தகராறில்லை.
கைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமா
ஒட்டிப் பிடிக்க வேண்டுமா என்பதில்தான்
மலுக்கு முகம்மதுக்கும் எனக்கும்
பதினோரு வருடமாய் வழக்கு,
டன்லப் தெருப் பள்ளியின் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்.
முடித்ததும் முகத்தில் தடவலாமா கூடாதா?
அது அடுத்த வழக்கு.

இப்போது என் வலது கை
இரண்டு வழக்கிலிருந்தும் விலகிக்கொண்டது.

உறைந்த தோள் என்றார்கள் பலதுறை மருந்தகத்தில்.
இருபத்தாறு வருடம் பேருந்தின் சக்கரம் வளைத்த தோள்.
டப்பாவின் அடியில் வெல்லம் ஒட்டியதுபோல்
மூட்டுக்குள் என்னவோ ஒட்டிக்கொண்டதாம்.
ஜும்ஆவில் இமாம் கையெடுக்கிறார்,
என் இடது கை போய்விடுகிறது;
வலது பாதி வழியில் நின்று நடுங்குகிறது,
கள்ளத் தராசின் ஒரு தட்டாக.
ஆமீன் சொல்லும்போது
ஓரக்கண்ணால் பார்க்கிறார் மலுக்கு.
பார்வையைத் தாழ்த்துவதும் ஒழுங்குதான் என்று
அவருக்கு யார் சொல்வது.

சிகிச்சை தந்த பெண்ணின் பெயர் செர்லீன் ஆவ்.
கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் அளவுகோலை
என் அக்குளில் வைத்து
நாற்பத்தேழு பாகை என்று எழுதினாள்.
பிறகு ஒரு படிவம்:
எந்த அசைவு முதலில் திரும்ப வேண்டும்?
தலை சீவ. சட்டை மாட்ட.
மேலடுக்கிலிருந்து பொருள் எடுக்க.
பிற.

'பிற'வுக்கு எதிரே பேனா நின்றது.
கையேந்த, என்று தமிழில்தான் வந்தது.
எங்கள் வீட்டில் அது வசைச்சொல்.
எவனிடமும் கையேந்தக் கூடாதென்றுதான்
விடுமுறை நாளிலும் வண்டி எடுத்தேன்,
கடன் கேட்காமல் ஈசூன் வீட்டை அடைத்தேன்.
விதிவிலக்கு ஒரே ஒரு வாசல்.
அங்கே ஏந்தினால்
வெறுங்கையாய்த் திருப்பியனுப்ப
அவனுக்கு வெட்கமாம்.
கேட்கிற எனக்கில்லாத வெட்கம்
கொடுக்கிற அவனுக்கு.
இதை எந்த ஆங்கிலத்தில் சொல்ல?
செய்து காட்டினேன்.

"இப்படியா?" என்று தன் கைகளை எடுத்தாள்,
நெஞ்சுக்கு நேரே, கொஞ்சம் இடைவெளி விட்டு.
(மலுக்கு பார்த்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும்.)
பத்து நொடி அப்படியே வைத்திருந்து
வாய்விட்டு எண்ணினாள்.
"நல்ல பயிற்சி. நாளைக்கு மூன்று முறை செய்யுங்கள்."
ஐந்து முறை செய்கிறேனே என்றேன்.
"அதிகம் வேண்டாம், வீங்கும்."

மழை கேட்கும் தொழுகையில் மட்டும்
அக்குள் தெரியும்வரை உயர்த்தலாம் என்பார்கள்.
மதியமானால் தானே கொட்டும் ஊரில்
அதற்கு வேலையில்லை என்றிருந்தேன்.
போன மாதம் ஓய்வறையில்
மகள் ஜமீமாவின் அழைப்பு.
"இதுவும் தங்கலை அத்தா."
மூன்றாவது.
வெந்நீர் இயந்திரத்துக்கு முன்னால்
இடது கை தலைக்கு மேல் போனது.
ஒலூ இல்லை, கிப்லா எந்தப் பக்கமென்று பார்க்கவில்லை,
புகழில் தொடங்கவில்லை, ஸலவாத்தும் இல்லை.
வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கினேன்.
எத்தனை பாகை என்று தெரியாது.
சீனத் தோழர் தன் காப்பிக் குவளையோடு
சத்தமில்லாமல் வெளியே போனார்.

நேற்று அறுபது என்றாள் செர்லீன்.

என் தடத்தில் வூட்லீ தாண்டி
சாலை மேற்கே வளைகிற இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு.
எண்பது நொடி. நேர் எதிரே கிப்லா.
சக்கரத்திலிருந்து கைகளை எடுத்து
மடியில் மல்லாத்தி வைக்கிறேன்.
நெஞ்சுவரை கொண்டுபோனால்
பயணிகள் பயந்துவிடுவார்கள்.
இடைவெளி இருக்கிறதா ஒட்டியிருக்கிறதா
நான் பார்ப்பதில்லை.
ஜமீமா, என்று தொடங்குவேன்,
அதற்குமேல் சொல் வராது.

பின்னால் யாரோ மணி அழுத்துகிறார்கள்.
பச்சை.